முத்தநாதன் ஏந்திய சுவடி



கார்த்திகை உத்திரம் மெய்ப்பொருள் நாயனாரின் குருபூசைத் திருநாள். அவர் அரசு வீற்றிருந்த திருக்கோவலூர் இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விளங்குகின்றது. இறைவன் அந்தகாசுரனை அழித்த வீரட்டத் தலமும் அதுவே. அந்தகம் என்றால் குருடு. கண்ணிருந்தும் காணாமையே பெருங்குருடு. நாள்தோறும் நம் கண்ணிலும் செவியிலும் வந்து விழும் செய்திகள் நம் உள்ளத்தை என்ன செய்கின்றன என்பதை அத்தலத்தை நினைந்து இன்று சிந்திப்போம்.

உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் இயல்பு உண்டு என்பது சித்தாந்த உண்மை. பளிங்கு செம்பூவை அடுத்தால் சிவக்கும். நீலப்பூவை அடுத்தால் நீலமாகும். உயிரும் அவ்வாறே மலத்தைச் சார்ந்து இருளும். அருளைச் சார்ந்து ஒளிரும். முற்காலத்தில் சார்பு என்றால் ஊர், உறவு, திருக்கோயில். இன்று அவை எல்லாவற்றினும் நெருங்கிய சார்பு கைப்பேசி. வைகறையில் திருநீற்றுக் கலயத்தைத் தொட வேண்டிய கை, அதனை முதலில் தொடுகின்றது. அது காட்டும் வண்ணம் எதுவோ, அவ்வண்ணமே அன்று முழுதும் நம் நெஞ்சு.

அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பொருள்களை உரைக்குமுன் அளவையை உரைத்தார். எதனை அறிவது என்பதற்கு முன், எவ்வாறு அறிவது என்பது வேண்டும் அன்றோ? காட்சி, கருதல், உரை என அளவை மூன்று. ஐயமும் திரிபும் நீங்கியதே காட்சி. தக்க ஏதுவால் உய்த்துணர்வது கருதல். குற்றமற்ற முதல்வனின் ஆகம மொழி உரை. இனி, வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இம்மூன்றில் எதில் அடங்கும்? நாம் கண்டதில்லை, ஆராய்ந்ததில்லை, முதலிற் சொன்னவர் யாரென்றும் அறியோம். பத்துப்பேர் அனுப்பினார்களே என்பர். ஒருவன் சொன்னதைப் பத்துப்பேர் திருப்பிச் சொன்னால் அது பத்துச் சான்று ஆகாது.

2018 மே மாதம் அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில், போளூருக்கு அருகே, குலதெய்வ வழிபாட்டிற்கு வந்த ஒரு குடும்பத்தார் வழியிற் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி அதற்குள் ஊர்தோறும் பரவியிருந்தது. கூட்டம் திரண்டு அடித்ததில் முதிய அம்மையார் ஒருவர் உயிரிழந்தார். அன்பாற் செய்த செயல், செய்தி பூசிய கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றியது. திரிபுக் காட்சிக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒருமுறையில் ஐவருக்குமேல் திருப்பி அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. விரலுக்கு வரம்பு வந்தது; நெஞ்சுக்கு அதனை யார் இடுவது?

நம் ஊர்க்கே வருவோம். சின்னசேலம் அருகே கனியாமூரில் 2022 சூலை 13 அன்று பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். பெற்றோரின் துயர் மெய். நீதி கேட்டல் அறமே. ஆனால் நான்கு நாட்களுக்குள் கைப்பேசி தோறும் ஒவ்வொருவர் ஒவ்வொரு தீர்ப்பு எழுதினர். 17 அன்று திரண்ட கூட்டம் பள்ளிப் பேருந்துகளைக் கொளுத்தியது. ஏழைப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. சமூக ஊடகங்களில் தனி விசாரணை நடத்துவோரை உயர்நீதிமன்றம் கண்டித்தது. நீதி கேட்கச் சென்ற கூட்டம், தொடர்பே இல்லாத பிள்ளைகளுக்கு அநீதி செய்து மீண்டது.

பொய்ச்செய்தி ஒரு நாளில் எரிக்கும். ஒருபக்கச் செய்தியோ ஆண்டுக்கணக்கில் அரிக்கும். கல்வராயன் மலை என்றதும் பலர் வாயில் வருவது சாராயம் என்னும் ஒரு சொல். 1976 வரை அம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது என்பதையோ, மலையாளிப் பழங்குடி மக்கள் அங்குப் பாடுபட்டுப் பயிர் செய்வதையோ எத்தனைபேர் கேட்டிருக்கிறோம்? 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். அது மலையில் விளைந்ததன்று, ஆலைகளுக்கான வேதிப்பொருள். அவ்வாண்டில் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அம்மலைமக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்தது. செய்தியால் நன்மையும் உண்டு. முழுமையாகக் கேட்டவர்க்கே அந்நன்மை வரும்.

இனி நாயனாரை நினைவோம். போரில் தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக்கட்டில் படைக்கருவி மறைத்து, ஆகமம் உரைப்பேன் என்று வந்தான். நூல் என்று நம்பிய கட்டினுள் இருந்தது கொலை. இன்று நம் கையில் வந்திறங்கும் செய்திக் கட்டுகளிலும் இத்தகையன உண்டு.

ஓர் ஐயம் எழலாம். நாயனாரும் நம்பினாரே, நாம் நம்பினால் என்ன? அன்பர்களே! அவர் வணங்கியது சிவவேடத்தை. அதற்காகக் கொடுத்தது தம் உயிரை. நாம் ஆராயாது நம்பும்போது விலையாகக் கொடுப்பது பிறர் உயிரை. இவ்வேற்றுமையை மறக்கலாகாது.

தத்தனையும் நினைமின். கொலைஞனை வெட்ட வாள் உருவியவன், மன்னன் தடுத்ததும் நின்றான். செய்தி கேட்ட ஊரார் சினந்து சூழ்ந்தனர். அவர்கள் கேட்டது பொய்ச்செய்தி அன்று. குற்றவாளி கண்முன் நின்றான். ஆயினும் தத்தன் அரசன் ஆணையைக் கூறிய அளவில் அனைவரும் விலகினர். மெய்யான சினமே அடங்கிய மண் இது. கேள்விப்பட்ட சினம் அடங்காதிருக்கலாமா?

மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை விளையும். விரலாற் செய்தியைத் தள்ளிவிடுதலில் மூன்றும் கலந்துள்ளன. ஆதலின் ஒரு நெறி கொள்வோம். கொதிக்கச் செய்யும் செய்தி வந்தால், திருவைந்தெழுத்தை ஒருமுறை ஓதும் அளவு விரலை நிறுத்துவோம். பின், இது கண்டதா, கருதியதா, நம்பத்தக்கார் உரைத்ததா என வினவுவோம். மூன்றும் அன்றெனில் அது நம்மோடு ஒழிக. உள்ளத்தில் ஒரு தத்தன் வாயில் காப்பானாக. அந்தகனை அழித்த பெருமான் நம் அகக்கண்ணைத் திறந்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.