நம் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன ஆடிக் கிருத்திகைக்கு நானும் என் மனைவியும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்தே போனோம். அருணகிரிநாதர் பாடிய தலம். காரில் பலமுறை போயிருக்கிறோம், நடந்து போனது அதுதான் முதல் தடவை. கண்டெய்னர் லாரிகள் உரசுவதுபோல் போயின. பாதி வழியில் அவளுக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் எதுவும் இல்லை. ஒரு கிராமத்து அம்மா தன் வீட்டுக்குள் கூப்பிட்டார். மோரும் கொடுத்தார். "அபார்ட்மெண்ட்டுலேர்ந்தா வர்றீங்க? அங்க இருக்கறவங்க யாரையும் எங்களுக்குத் தெரியாதே" என்றார். நாங்கள் குடிவந்து எட்டு வருடம் ஆகிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நம்மைச் சுற்றி எத்தனை தலங்கள்! கிழக்கே, 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். ஒரகடம் பக்கம் வல்லக்கோட்டை. வடக்கே மப்பேடு சிங்கீஸ்வரர். அதையும் தாண்டினால் சம்பந்தர் பதிகம் பெற்ற கூவம் திருவிற்கோலம், இலம்பையங்கோட்டூர். இவற்றை ஒரு நடைவழியாக இணைக்கலாம் என்பது என் யோசனை.

"அதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது" என்று சிலர் நினைக்கலாம். திருவையாற்று ஏழூர் விழாவைப் பாருங்கள். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு ஊர் ஊராகப் போகும். அந்தந்த ஊர்ப் பல்லக்கும் கூடச் சேர்ந்துகொள்ளும். நந்தி கல்யாணத்துக்குத் திருப்பழனம் பழம் தந்தது, திருச்சோற்றுத்துறை சோறு தந்தது, திருப்பூந்துருத்தி பூ தந்தது, திருநெய்த்தானம் நெய் தந்தது என்பது ஐதீகம். எந்த ஊரும் எல்லாவற்றையும் தரவில்லை. தன்னிடம் இருந்ததைத் தந்தது.

ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைப் பாதை மங்கிக் கிடந்தபோது, எலியாஸ் வாலிஞ்யா என்ற பங்குத் தந்தை 1980-களில் மஞ்சள் பெயிண்டால் வழியெங்கும் அம்புக்குறி போட்டார். இன்று உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்கள் அந்த மஞ்சள் அம்பைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? சிலரிடம் வண்டி இருக்கிறது; பின்னால் மெதுவாக ஓட்டி வரலாம். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களிடம் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இருக்கிறது. நர்ஸம்மாக்கள் இருக்கிறார்கள். லாரி குறைவான உள்வழியும் ஏரிக்கரைப் பாதையும் கிராமத்தாருக்குத்தான் தெரியும். ஆகவே முதலில் அவர்களிடம் போய்க் கேட்போம். நாமே முடிவு செய்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆரம்பத்தில் வசூல் வேண்டாம். வங்கிக் கவுண்டரில் காலம் கழித்தவன் சொல்கிறேன்: பணம் முன்னால் வந்தால் சந்தேகமும் பின்னாலேயே வரும். நடந்து பழகுவோம். செலவு வரும்போது கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.

மாதம் ஒரு ஞாயிறு, ஒரு கோயில், விடியற்காலையில் புறப்பாடு. முதல் நடை வல்லக்கோட்டைக்கு. சாமி கும்பிடாதவர்களும் வாருங்கள், நடப்பதற்கு மதம் கிடையாது. பெயர் கொடுக்க விரும்புபவர்கள் செயலாளரிடம் கொடுங்கள்.

சத்திரம் என்றால் வழிப்போக்கருக்கு இடம் தருவது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் நாம். எங்களுக்கு மோர் கொடுத்த அந்த அம்மா அந்தப் பெயரைக் காப்பாற்றிவிட்டார். இனி நம் முறை.