பகுதிநேரமா, முழுநேரமா? விமானி ஆக விரும்பும் தங்கைமாருக்கு

(நூற்றாண்டு விழாக் கிழமையில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் இது இருவருடைய பேச்சு. மற்றவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்; ஒலிவாங்கியைக் கண்டால் ஓடிவிடுவாள், அன்றும் அப்படித்தான். ஆண்டு 6 தொடக்கம் நாங்கள் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இன்று ஒருத்தி வைத்தியர், ஒருத்தி கணக்காளர். இருவரும் மெல்பேணில் வசிக்கிறோம். இருவரிடமும் வணிக விமானி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வைத்தியர் அதை முழுக்க முழுக்கப் பகுதிநேரமாக எடுத்தாள்; 8 வருடம் சென்றது. கணக்காளர் பாதி வழியில் வேலையை விட்டிறங்கி முழுநேரமாக முடித்தாள். ஆகவே எது நல்லது என்று எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு.

நாங்கள் இங்கு படித்த காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதில்லை, பதுங்குகுழிக்குள் இறங்குவோம். பொம்மரா, சகடையா, ஹெலியா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவோம். 1995 இடப்பெயர்வோடு அந்த வாங்கும் போய்விட்டது. ஆனால் எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பறப்பு, 1947 டிசம்பர் 10 அன்று, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது என்பதை நாங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகுதான் அறிந்தோம். இந்த மண்ணுக்கு விமானம் என்றால் குண்டு மட்டுமல்ல என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின், "அக்கா, விமானி ஆக என்ன செய்யவேணும்?" என்று கேட்கும் தங்கைமார் கூடிவிட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் சட்டம். 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு எல்லா நாடுகளுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. வணிக விமானிக்கு வயது 18 ஆகவேண்டும்; 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒரே தொடர் பயிற்சியாகச் செய்தால் 150 போதும். அவுஸ்திரேலியாவிலும் இதேதான்: தொடர்ச்சியாக, ஒரே பள்ளியில் ஒருங்கிணைந்த பாடநெறியாகப் படிப்பவருக்கு 150, எங்களைப்போல் விட்டுவிட்டுப் படிப்பவருக்கு 200. அந்த 50 மணித்தியாலத்தின் விலையைப் பெருக்கிப் பாருங்கள். நாங்கள் மூரபின் விமான நிலையத்தில் செஸ்னா 172இல் பழகிய காலத்தில் பயிற்றுநருடன் ஒரு மணித்தியாலத்துக்கு 350 டொலருக்கு மேல் கொடுத்தோம்.

அப்படியானால் முழுநேரம்தானே மலிவு என்று கேட்பீர்கள். கடதாசியில் ஆம். ஆனால் முழுநேரத்துக்கு மொத்தக் காசும் முன்னே வேண்டும். அந்தக் காலம் முழுவதும் சம்பளம் இல்லை. பகுதிநேரத்தில் அந்த மாதச் சம்பளத்தில் அந்த மாதப் பறப்பு. நாங்கள் கடன் இல்லாமல் முடித்தோம். 2014இல் தொடங்கியபோது இருவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை.

இனிப் பகுதிநேரத்தின் உண்மையான செலவைச் சொல்கிறோம், ஏனென்றால் விளம்பரத்தில் அது இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்வோம். மெல்பேண் முகில் இறங்கிவிடும். அடுத்த ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கடுத்தது கடமை. ஐந்து கிழமை கழித்துப் போய் ஏறினால், போன முறை பழகிய தரையிறக்கத்தைக் கை மறந்திருக்கும். முதல் மணித்தியாலம் பழையதை மீட்கவே போய்விடும். காசு புதிய பாடத்துக்குக் கொடுத்த அதே காசு. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 40 மணித்தியாலம் அளவில் குறைந்தபட்சம் சொல்லப்படுகிறது. வைத்தியருக்கு 71 சென்றது. கணக்காளருக்கு 64. இதை அவள் எல்லா இடத்திலும் சொல்லுவாள்.

பரீட்சையிலும் அடி விழுந்தது. அங்கு வணிக அனுமதிப்பத்திரத்துக்கு 7 வினாத்தாள்கள்: காற்றியக்கவியல், வானிலை, வழிகண்டறிதல், மனிதக் காரணிகள், வான் சட்டம், விமானப் பொது அறிவு, பறப்புத் திட்டமிடலும் செயற்பாடும். ஏழையும் இரண்டு வருடத்துக்குள் சித்தியடைய வேண்டும். ஐந்து முடிந்த நிலையில் வைத்தியரின் அம்மாவுக்கு இங்கு சுகமில்லாமல் போய், நான்கு மாதம் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டி வந்தது. திரும்பிப் போகையில் முதல் இரண்டு வினாத்தாள்கள் காலாவதி. திரும்ப எழுதினோம், அதாவது ஒருத்தி எழுத மற்றவள் கேள்வி கேட்டுப் பாடமாக்க வைத்தாள், உயர்தரத்தில் செய்த மாதிரியே.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பொய். ஒரு சனி இரவுக் கடமை முடித்து, மூன்று மணித்தியாலம் படுத்தெழும்பி, காசு கட்டிவிட்டோம் என்பதற்காகவே வைத்தியர் விமான நிலையத்துக்குப் போனாள். தரையிறங்க வருகையில் கட்டுப்பாட்டுக் கோபுரம் அழைத்தது காதில் விழவில்லை. இறக்கைத் தட்டுகளை இறக்கவில்லை. வேகம் கூடியிருந்தது. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் கட்டுப்பாட்டை வாங்கி இறக்கினார். கீழே வந்தபின், இந்த நிலையில் ஒரு நோயாளிக்கு ஊசி போடுவாயா என்று மட்டும் கேட்டார். மனிதக் காரணிகள் வினாத்தாளில் நல்ல புள்ளி எடுத்தவள் அவள். அன்றிலிருந்து இரவுக் கடமைக்கு அடுத்த நாள் பறப்பதில்லை. அதனால் முடிவு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது. தனியே வந்த நாளாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இருவரும் கதைப்பதில்லை.

கணக்காளர் 2019 மாசியில் வேலையில் விடுப்பெடுத்து முழுநேரமாக இறங்கினாள். கிழமைக்கு நான்கு, ஐந்து தடவை பறந்தாள். முந்தைய மூன்று வருடத்தில் வராத நிதானம் மூன்று மாதத்தில் கைக்கு வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். ஸ்வான் ஹில், மில்டூரா இரண்டிலும் இறங்கித் திரும்பும் 300 கடல்மைலுக்கு மேற்பட்ட தனிப் பயணத்தை அவள் பயிற்சி தொடங்கிய ஆறாவது கிழமையே முடித்தாள். வைத்தியர் அதே பயணத்துக்கு நான்கு முறை பதிவு செய்து நான்கையும் இரத்துச் செய்தவள். புரட்டாதியில் அனுமதிப்பத்திரம் கையில். அடுத்த பங்குனியில் கொவிட் வந்தது, உலகத்து விமானங்கள் எல்லாம் நிலத்தில் நின்றன. அவள் திரும்பக் கணக்குப் புத்தகத்துக்குப் போனாள். போக ஒரு புத்தகம் இருந்தது, அதுதான் விஷயம். இப்போது பயிற்றுநர் தகுதியும் எடுத்துக் கிழமை முடிவில் படிப்பிக்கிறாள்.

இன்னொரு பிள்ளையின் கதை. எங்களுக்குத் தெரிந்த குடும்பம், இந்தப் பக்கத்து ஆட்கள். தகப்பன் காணி விற்று, வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியொன்றுக்கு முழுநேரப் பாடநெறியின் மொத்தக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டினார். பிள்ளை 60 மணித்தியாலம் பறந்திருந்தபோது பள்ளி மூடப்பட்டது. காசு திரும்பவில்லை. அவளுடைய பறப்புப் பதிவேடு மட்டும் மிஞ்சியது. இப்போது வேலை செய்துகொண்டு பகுதிநேரமாக மிச்சத்தை முடிக்கிறாள். கெட்டிக்காரி, முடிப்பாள். காணி வராது.

ஆகவே எங்கள் அபிப்பிராயம், சண்டையெல்லாம் தீர்ந்தபின் இருவரும் ஒத்துக்கொண்டது: காசு உறுதியாக இருக்கும் 19 வயதுப் பிள்ளைக்கு முழுநேரம் நல்லது. ஆனால் கட்டணத்தைக் கட்டங்கட்டமாகத்தான் கட்டவேண்டும். ஒரே தடவையில் கேட்கும் பள்ளியை விட்டு நடையைக் கட்டுங்கள். வேலையில் இருப்பவர்கள் தனியார் அனுமதிப்பத்திரம் வரை பகுதிநேரமாகப் போங்கள், ஏழு வினாத்தாளையும் வேலையோடு வேலையாக எழுதுங்கள், கடைசிப் பகுதிக்கு மட்டும் விடுப்பெடுங்கள். வருடம் முழுக்க மாதம் ஒருமுறை பறப்பதைவிட, காசைச் சேர்த்து மூன்று கிழமை தொடர்ந்து பறப்பது கைக்கு நல்லது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை, இதை வைத்தியராகச் சொல்கிறோம். ஒரு சதம் கட்டுமுன் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்யுங்கள். அங்கீகாரம் பெற்ற விமான மருத்துவரிடம்தான் செய்யவேண்டும்; குடும்ப வைத்தியரின் கடிதம் செல்லாது. கண், காது, இருதய மின்வரைபு, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுவது தடையல்ல. நிறக்குருடு பெரிய சிக்கலாகலாம். பெண்பிள்ளைகளில் அது அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. வலிப்பு, நீரிழிவு, முன்பு எடுத்த மருந்து, எதையும் மறைக்கவேண்டாம். கலியாணச் சந்தைக்கு மறைத்த மாதிரி இங்கே மறைக்க முடியாது.

எங்கள் இரண்டு பறப்புப் பதிவேடுகளையும் கொண்டுவந்திருக்கிறோம். இரத்துச் செய்த நாட்களையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம், வைத்தியருடையதில் அதுதான் கூட. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நூலகத்தில் இருப்போம். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காசுக் கணக்கைக் கணக்காளரிடம் கேளுங்கள். அங்கே அவள் நன்றாகப் பேசுவாள்.