காற்றையும் கதிரையும் கற்பிக்கும் பட்டமேற்படிப்பு
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-ஆம் ஆண்டு காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றாலைக் காடாயிற்று. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. இத்தகைய இடங்களில் நம் பிள்ளைகள் இல்லாமலில்லை. பள்ளம் தோண்டுகிறார்கள், தகடு கழுவுகிறார்கள், இரவுக் காவல் இருக்கிறார்கள். கணக்கிட்டு இடம் குறிக்கும் மேசையருகே அவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அம்மேசைக்கு வழிகாட்டும் பட்டமேற்படிப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே என் பேச்சு.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதனுள் அடங்கிய ஆற்றல் எண்மடங்காகும். வேகத்தை நூற்றுக்கு 10 மிகையாக அளந்துவிட்டால், ஆற்றல் நூற்றுக்கு 33 மிகையாகத் தோன்றும். போட்ட முதல் முழுகிப்போகும். எனவே மாணவன் தானே அளவுக் கம்பம் நட்டு, ஆடிக் காற்றையும் மார்கழி அமைதியையும் ஓராண்டு முழுவதும் அளந்து பதிதல் வேண்டும். புத்தக அட்டவணை அதற்கு ஈடாகாது. கதிரவன் மறைந்தபின் வீடுகளில் விளக்கேறுகிறது. அப்போது மின்சாரத்திற்கு எங்கே போவது? மிகை மின்சாரத்தால் நீரை மேலேற்றித் தேவைப்படும்போது இறக்கும் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் போன்றவற்றில் ஒரு பருவமேனும் பயிற்சி தரவேண்டும்.

நிலச் சட்டமும் பாடமாக வேண்டும் என்பேன். பொறியியலில் இதற்கென்ன வேலை என்று சிலர் நகைப்பர். கமுதிக்கு மட்டும் ஏறத்தாழ 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. 1892-ஆம் ஆண்டு ஆணையால் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பதிவேட்டில் அடையாளம் காணத் தெரியாதவன் இடம் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவனா?

இனி நுழைவாயில். அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ்வழியில் இயற்பியல் பயின்ற பெண்ணொருத்தி இப்படிப்பிற்கு வர இயலுமா? மின்பொறியியலும் தொழில்நுட்ப ஆங்கிலமும் கற்பிக்கும் ஆறுமாத இணைப்புப் பருவம் இருந்தால் இயலும். 'கேட்' தேர்வில் தகுதி பெற்ற முதுநிலைத் தொழில்நுட்ப மாணவர்க்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. அத்தகுதி இல்லாதவர்க்கு அது கிடையாது. வீட்டிலிருந்து பணம் வரவழியில்லாத பிள்ளைக்கு அந்தத் தொகையே படிப்பு.

எனவே கழகத்தாரிடம் நான் கேட்பவை இரண்டு. நம் விடுதியில் இவ்வாண்டே 'கேட்' பயிற்சி வகுப்பு தொடங்குதல் வேண்டும். இணைப்புப் பருவத்து ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவை வெள்ளி விழா நிதியிலிருந்து ஏற்றல் வேண்டும். வகுப்பெடுக்க ஞாயிறுதோறும் நான் வருகிறேன்.