கர்ப்பிணிக்குத் தடிமன் கண்டால்



கர்ப்பிணிகளின் தடிமனையும் இருமலையும் பற்றி வாலிபர் சங்கத்திற் பேசுவானேன் என்று பின்வரிசையிலே சிலர் தம்முள் நகைப்பது தெரிகின்றது. மருந்துக்கடைக்கு ஓடுகிறவர் யார்? வீட்டிலே அக்காவோ அண்ணியோ இருமினால், "தம்பி, ஏதாவது வாங்கி வா" என்று உங்களைத்தானே அனுப்புகின்றார்கள். ஆகவே இப்பேச்சு முதலில் உங்களுக்கே.

தடிமன் வைரசுக் கிருமிகளால் வருவது. அதற்கு அன்ரிபயோற்றிக் மருந்துகள் பயன்படா. பெரும்பாலும் ஒரு கிழமை, பத்து நாளில் தானே மாறும். இருமல் மாத்திரம் சிலவேளை மூன்று கிழமை வரை இழுபடும். ஆகவே நாம் தேடுவது நோயை ஒழிக்கும் மருந்தையன்று, உபாதையைத் தணிக்கும் வழியையே.

இளஞ்சூட்டு உப்புநீரால் தொண்டை கொப்பளித்தல், சூடான கஞ்சியும் இரசமும் குடித்தல், தலையை உயர்த்திப் படுத்தல், மூக்கடைப்புக்கு வெறும் உப்புநீர்த் துளிகள் இவையெல்லாம் தீங்கற்றவை. ஒரு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். நீரிழிவு கண்டவர் அதன் இனிப்பையும் கணக்கிலெடுக்க வேண்டும். மல்லியும் சிறிது இஞ்சியும் அவித்துக் குடிப்பதும், சமையலிற் சேரும் அளவோடு நின்றால் நல்லதே. ஆவி பிடிப்பதானால், கொதிக்கும் பானையை மடியருகே வைத்துப் போர்வையால் மூடும் வழக்கம் வேண்டாம். பானை சரிந்தால் வேவது வயிறும் தொடையுமே. பாத்திரத்தை மேசையில் அசையாது வைத்து, சற்று ஆறவிட்டுப் பிடிக்கலாம்.

இனிப் பெரியோர்களிடம் ஒரு வார்த்தை. "மூலிகைதானே, என்ன செய்யப்போகிறது?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். இருமலுக்குப் பேர்போன ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையதென ஆய்வாளர் கண்டுள்ளனர். அதிமதுரம் சேர்ந்த மிட்டாய் பெருவழக்காயுள்ள பின்லாந்திலே, கர்ப்பிணிகள் அதனை மிகுதியாக உண்ணலாகாதென அந்நாட்டுச் சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவுறுத்தியது. அரிட்டங்களிலோ புளிக்கவைப்பதால் உண்டாகும் மதுசாரம் உண்டு. சித்த வைத்தியத்தை நாம் குறைகூறவில்லை. நல்ல பரியாரியார் "எத்தனை மாதம்?" என்று கேட்டே மருந்து தருவார். அவரைக் கேளாது நாமே அவித்துக் கொடுப்பதுதான் ஆபத்து.

ஆங்கில மருந்துகளின் கதையும் வேறல்ல. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்னும் தூக்க மருந்து, வைத்தியர் சீட்டில்லாமலே கடைகளில் விற்கப்பட்டது. கர்ப்பிணிகளும் உட்கொண்டனர். கைகால் குறைந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தபின், 1961 நவம்பரிலேதான் அங்கு விற்பனை நின்றது. அதே பொருளைத் தடிமனுக்கான கலவை மருந்தொன்றிலும் சேர்த்திருந்தார்கள் என்பது பலர் அறியாதது.

ஆகையால் கடையில் நீங்கள் முதலிற் சொல்லவேண்டியது, "இது கர்ப்பிணிக்கு" என்பதே. காய்ச்சலுக்கும் நோவுக்கும் ஏற்றது பரசிற்றமோல், நாம் பனடோல் என்கிறோமே, அது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றோ இரண்டோ, ஆறு மணிக்கொரு தடவை. 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேற் கூடாது. மெலிந்தவருக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. "எல்லாவற்றுக்கும் ஒன்றே" எனும் கலவைக் குளிசைகளிலும் பரசிற்றமோல் மறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் அளவு மிஞ்சும். அவற்றிலுள்ள சூடோஎபெட்ரின், பினைலெப்ரின் ஆகியவை இரத்தக் குழாய்களை ஒடுக்குவன. வைத்தியரைக் கேளாது தொடவேண்டாம். கொடேயின் சேர்ந்த இருமற்பாணியும் அப்படியே. இபுபுரோபன் போன்ற நோவு மருந்துகள் 20 கிழமைக்குப் பின் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பன்னீரைக் குறைக்கலாமென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 இல் எச்சரித்தது. வைத்தியரே சிறிய அளவு அஸ்பிரின் கொடுத்திருந்தால் மட்டும் அதை நிறுத்தவேண்டாம்.

சளிக்காய்ச்சல், அதாவது இன்புளுவென்சா, கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்குவது. அதன் தடுப்பூசி பற்றிக் கிளினிக்கிலே கேளுங்கள். எமது நாட்டில் டெங்குவும் இருப்பதால், காய்ச்சல் கண்ட முதல் நாளே வைத்தியரிடம் காட்டவேண்டும். இருமல் இரண்டு கிழமை கடந்தால் சளியைப் பரிசோதிப்பிக்க வேண்டும். மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, வயிற்றிலே பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ, விடியட்டும் என்று இராமல் அன்றிரவே வாகனம் பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். கிளினிக் அட்டையையும், அதுவரை கொடுத்த மருந்துப் போத்தல்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.