ஆடிப் பாட்டும் லிஃப்ட் பக்கத்துத் தாளும்

(ஆடி மாத உறுப்பினர் கூட்டத்தில் நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னது எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாவின் அம்மன் பாடல்களைப் பற்றி. வரும்போது லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளையும் பார்த்தேன். பின்தெரு மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லும் புகார் மனு. பதினோரு கையெழுத்து விழுந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

நான் சிதம்பரத்துக்காரன், கடலூர் வந்து இருபது வருஷமாகிறது. அப்பாவுக்கு மைக்செட் தொழில். 1980களில், ஆடி பிறந்தால் விடியும் முன்பே மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அடுத்து ஈஸ்வரி அம்மா. கேசட்டைத் திருப்பிப் போடுவது என் வேலை. ‘செல்லாத்தா’ கேட்ட பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் கூழுக்கு மாவு எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நோட்டீஸ் அடிக்கக் காசில்லாத கோயிலுக்கு அந்தப் பாட்டுதான் நோட்டீஸ்.

பாடியவர் யார்? லூர்து மேரி ராஜேஸ்வரி. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் சினிமாவில் கோரஸ் பாடியவர். 1961இல் ‘பாசமலர்’ படத்தின் ‘வாராயென் தோழி’ அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1968இல் ‘பணமா பாசமா’வின் ‘எலந்தப் பயம்’ பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. கிளப் டான்ஸ் காட்சி என்றாலே அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதே குரல் அம்மன் பாட்டுக்கு வந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. ‘கற்பூர நாயகியே’வுக்குப் படமும் கிடையாது, நடிகரும் கிடையாது. கிராமத்து மெட்டும் அந்தக் குரலும்தான். திருவிழாக்களே அதை ஹிட் ஆக்கின. 2020இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்கு ஆடிப் பாட்டு தேவைப்பட்டபோது, எண்பது வயதில் அவரையே பாட வைத்தார்கள்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சி பிளாக்கில் கைக்குழந்தை இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் மனுவில் ‘அடியோடு நிறுத்த வேண்டும்’ என்று எழுதியிருக்கிறோம். நாம் இங்கே வீடு வாங்குவதற்கு முன்பே அந்தக் கோயில் இருந்தது. அந்தத் தெருவிலிருந்துதான் நம் வீட்டு வேலைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் ஆட்கள் வருகிறார்கள். பாட்டை நிறுத்தினால் அவர்களுடைய திருவிழாவையே நிறுத்தின மாதிரி.

மைக்செட்காரர் மகனாகச் சொல்கிறேன்: குழாயை நம் சுவர்ப் பக்கமிருந்து தெருப்பக்கம் திருப்பினாலே பாதித் தொல்லை போய்விடும். அதற்கு ஓர் ஏணியும் பத்து நிமிஷமும் போதும். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் என்னோடு வாருங்கள், பூசாரியிடம் நேரில் பேசுவோம். குழாயைத் திருப்பச் சொல்வோம், இரவு பத்தோடு நிறுத்தச் சொல்வோம். அவர்கள் கேட்காவிட்டால் பதினோரு கையெழுத்தோடு என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஆளுக்கொரு தூக்குவாளி கொண்டு வாருங்கள். அன்றைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள்.