மூச்சை எண்ணிப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"நோயைப் பற்றிப் பேச இன்ஜினியருக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொரோனா காலத்தில் விரலில் மாட்டிக்கொண்டோமே, ஆக்சிமீட்டர், அதற்கு வழி காட்டியவர் ஒரு இன்ஜினியர். ஜப்பானைச் சேர்ந்த தக்குவோ அவோயாகி, 1974-இல் அந்தத் தத்துவத்தை வெளியிட்டார். உலகமே அக்கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

அது ஏன் தேவைப்பட்டது? நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதால்தான். கொரோனாவில் சிலருக்கு அது கூடாமலே ஆக்சிஜன் மட்டும் இறங்கியது. நோயாளி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும்.

2021-இல் நம் நாட்டில் வெளியான சிகிச்சை வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு இரண்டு எண்களைச் சொன்னது. ஆக்சிஜன் 93 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இறங்கினாலோ, நிமிடத்துக்கு மூச்சு 24 அல்லது அதற்கு மேல் போனாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 90-க்குக் கீழே, அல்லது மூச்சு 30-ஐத் தாண்டினால் நோய் தீவிரம். அறுபது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய, நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள்.

கருவியை மட்டும் நம்பலாமா? 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தப் பரிசோதனையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். ஒளியை வைத்து அளக்கும் கருவிக்குத் தோலின் நிறம் இடைஞ்சல். தம்பிகளே, மாநிறமும் கறுப்புமான நம் மக்களுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம். பிராஜக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்!

ஒரே ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். காலையில் 97, மாலையில் 94 என்றால் அந்த இறக்கம்தான் செய்தி.

நம்மில் பலர் வெளியூரில் இருக்கிறோம். அப்பா அம்மா ஊரில். ஃப்ளூ காய்ச்சல் நேரத்தில் போன் செய்தால் "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவர்கள் ஓய்வாக இருக்கும்போது, அவர்களுக்குத் தெரியாமலே, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். அதற்கு ஒரு கடிகாரம் போதும். எண்ணிக்கை கூடினால் டாக்டரிடம் போக மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.