வெஃகலும் உலோபமும்



நடுநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 22-இல் ஒன்றாய், மூவர் பாடலும் பெற்று, விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் விளங்குவது திருவாமாத்தூர். வழக்குடையோர் அத்தலத்து வட்டப்பாறையின் முன் நின்று சத்தியம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதனைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று வழங்குகின்றது.

தமையன் ஒருவன் தம்பிக்குரிய பங்கைக் கவர்ந்து, பொன்னாக்கி, உள்ளே துளையுடைய கைத்தடி ஒன்றில் ஒளித்து வைத்தான். தம்பி முறையிட்டான். வட்டப்பாறையிற் சத்தியம் செய்க என்றனர் ஊரார். தமையன் தடியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுமாறு தம்பியின் கையிற் கொடுத்துவிட்டு, "தம்பியின் பொருள் என்னிடம் இல்லை, அவனிடமே உள்ளது" என்று ஆணையிட்டான். சொல்லளவில் அது மெய்யே! பின்னர்த் தடியை வாங்கிக்கொண்டு நடந்தவன் தெய்வத்தையே எள்ளினான் என்றும், தும்பூரில் அரவு தீண்டி மாண்டான் என்றும் கூறுவர்.

இவன் செய்த குற்றத்துக்குப் பெயர் யாது? பேராசை என்று எளிதிற் சொல்லிவிடுகிறோம். அதிலுள்ள 'ஆசை', 'ஆசா' என்னும் வடசொல்லின் வழி வந்தது. அங்கு அதற்கு எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பன பொருள். (திசைக்கும் ஆசை என்று பெயருண்டு, அது நிற்க.) பேராசை என்னும் சொல் ஆசையின் அளவைச் சுட்டுமேயன்றி, அது யாருடைய பொருளின்மேற் சென்றது என்பதைச் சுட்டாது. அளவு குறைந்தாற் குற்றமில்லை போலும் என்று மயங்கவும் இடந்தரும்.

வள்ளுவரோ வேறுபிரித்துச் சொல்லுகிறார். பொருள்கள்மேற் செல்லும் வேட்கை அவா. அதனை அறுத்தற்கு 37-ஆம் அதிகாரம். பிறன்பொருளைக் கொள்ளக் கருதுவது வெஃகுதல். அதனை விலக்குவது 18-ஆம் அதிகாரம். அது அழுக்காறாமையை அடுத்து நிற்பது கருதத்தக்கது; பிறன் ஆக்கம் கண்டு பொறாத நெஞ்சமன்றோ அதனைக் கைக்கொள்ளவும் எண்ணும்! கொடுக்க வேண்டுமிடத்துக் கொடாமை இவறல். அது குற்றங்கடிதலில் வைத்துக் கண்டிக்கப்படுகிறது.

'உலோபம்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. விரும்புதல், மயங்குதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்தது அது. அன்பைக் குறிக்கும் 'லவ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதற்கு உறவே என்பர் மொழிநூலார். வடமொழியில் பொருளை அவாவுதலைக் குறித்த அச்சொல், தமிழில் கொடாமையைக் குறிக்கலாயிற்று. தமிழருக்கு உலோபி என்பான் ஈயாதவன்.

ஆமாத்தூர்த் தமையனிடம் இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தின. தம்பியின் பங்கு கைக்கு வரும்வரை வெஃகினான், வந்தபின் இவறினான். தடியைத் தம்பியிடம் ஒரு கணம் கொடுத்தான். அதுவும் திரும்ப வாங்குதற்கே.